குடிநோய்க்கு மருந்தறிந்தோர்

கால் முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தவர், மூன்றாம் நாள் கை நடுங்கிப் பிதற்றுகிறார். பைத்தியமென்று கட்டிப்போடுவாரும் உளர். நெடுநாட் குடி திடீரென நின்றதன் விளைவு அது. உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்று முதல் நாளே வினவவும், குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் செலுத்தவும் மருத்துவரும் தாதியரும் பயின்றிருத்தல் வேண்டும். (மானங்கருதி வீட்டார் மறைத்துவிட்டால், கற்ற கல்விதான் என் செய்யும்?)

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோர் 38 பேரில் ஒருவரே சிகிச்சை பெற்றிருந்தார். மனநல வல்லுநர் மட்டுமே இச்சுமையைத் தாங்குவது எங்ஙனம்? ஆகவேதான் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார், பீகார், சத்தீஸ்கர் முதலிய தொலைமாநிலங்களின் பொது மருத்துவர்க்கும் காணொளி வாயிலாகப் பயிற்சியளிக்கத் தலைப்பட்டனர். அங்கே வெறும் விரிவுரை மட்டுமன்று. ஒவ்வொருவரும் தம் நோயாளியின் வரலாற்றையே எடுத்துரைத்து, வல்லுநரிடம் வழிகேட்கின்றனர்.