உங்களுக்குத் தெரியுமா? நெரிசல் செய்தி வானத்திலிருந்து வருவதில்லை!

கார்க் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் ஜிபிஎஸ் கருவி "முன்னால் நெரிசல்" என்று எச்சரித்தால், அது செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னதல்ல. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு நம் கார் எங்கே நிற்கிறது என்பதுகூடத் தெரியாது. அவை நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் சொல்லும். கணக்குப் போடுவது கருவிதான்.

ஐரோப்பாவில் பல கருவிகளுக்கு நெரிசல் செய்தி வந்தது எஃப்எம் வானொலி வழியாக. பாட்டு ஓடும்போதே, காதுக்கு எட்டாத 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் டிஎம்சி என்னும் குறியீடுகள் வரும். அவற்றில் வாக்கியமே இல்லை. என்ன நடந்தது என்பதற்கு ஓர் எண், எந்த இடம் என்பதற்கு இன்னோர் எண். கருவி தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து அதைச் சொற்களாக்கும். அதனால் ஜெர்மன் நெடுஞ்சாலையில் போகும் பிரெஞ்சுக்காரருக்குச் செய்தி பிரெஞ்சிலேயே கிடைக்கும். என்ன அழகான ஏற்பாடு!

சில கருவிகளில் சார்ஜர் வயரைக் கழற்றினால் வழிகாட்டல் தொடரும், நெரிசல் செய்தி மட்டும் நின்றுவிடும். எஃப்எம் ஆன்டெனா அந்த வயருக்குள்தான் இருக்கிறது.

2007-இல் டாம்டாம் நிறுவனம் நெதர்லாந்தில் வேறு வழி கண்டது: சாலையில் நகரும் கைபேசிகளின் வேகத்தை வைத்தே நெரிசலைக் கணித்தது.