மேல் மாடிக்கும் தனி உறுதி எடுக்கலாம்

கிழக்கே கடல், மேற்கே வாவி. இடையிலுள்ள காத்தான்குடியில் ஒரு வாப்பாவுக்கு மூன்று கொமர் இருந்தால் மூன்று வீடு வேண்டும். சீதன வீடு சரியா பிழையா என்பது வேறு விவாதம். காணிக்கு எங்கே போவது என்பதே இங்கு கேள்வி.

இதுவரை நாம் கண்ட வழி வளவைத் துண்டாடுவதுதான். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் பொதுவாக ஒரு துண்டுக்குக் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் கேட்கின்றன. 10 பேர்ச் வளவை இரண்டாக்கினாலே அது மீறப்படுகிறது. அங்கீகாரமில்லாத துண்டுக்குக் கட்டட அனுமதி கிடைப்பது கஷ்டம். அனுமதி இல்லாவிட்டால் வங்கிக் கடனும் இல்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் குறைவது இதைவிடப் பயங்கரம். மணல் நிலத்தில் அழுக்கு நீர் இலகுவில் கிணற்றைச் சேரும்.

நிலத்தைப் பிரிக்காமல் மாடியைப் பிரிக்கவும் சட்டம் இருக்கிறது. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் கீழ்வீடு மூத்த மகளுக்கும் மேல்வீடு இளைய மகளுக்கும் தனித்தனி உறுதியாக எழுதப்படலாம். நிலம், அத்திவாரம், கூரை என்பன பொதுவில் இருக்கும். கொழும்பு தொடர்மாடிகளுக்கு மட்டுமான சட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். எனது சக ஆசிரியர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

நகர சபைக்கு இதில் பங்குண்டு. ஒரு காணியில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்ற தள விகிதமும் வீதியின் அகலமும் அபிவிருத்தித் திட்டத்தில் தீர்மானமாகின்றன. அத்திட்டம் தயாராகும்போது சபை வாய்திறக்க வேண்டும். அடுத்தது சோலைவரி. அது ஆதனத்தின் வருடாந்தப் பெறுமதியில் கணிக்கப்படுவதால் மாடி கட்டியவர் கூடக் கட்டுகிறார்; வெறும் வளவைப் பூட்டி வைத்திருப்பவர் சொற்பமே கட்டுகிறார். நெருக்கமான ஊருக்கு இது தலைகீழான கணக்கு.

ஒழுங்கை குறுகிய இடங்களில் காணிகளை ஒன்றுசேர்த்து, வீதிக்கு இடம்விட்டு, மீளப் பங்கிடும் முறையும் உண்டு. 2001 பூகம்பத்துக்குப் பின் குஜராத்தின் பூஜ் நகரம் அப்படித்தான் மீளமைக்கப்பட்டது. எமது குடும்பங்களில் அதற்கு நீண்ட பேச்சுவார்த்தை தேவைப்படும்.

இப்போது வீடு கட்டுபவர்கள் படம் வரைபவரிடம் இரண்டைச் சொல்லி வையுங்கள்: மேல்மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு; மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனி மீற்றர். அனுமதிப்படி கட்டி இணக்கச் சான்றிதழையும் கையில் எடுங்கள். பின்னர் உறுதியைப் பிரிக்கப் போகும்போது முதலில் கேட்கப்படுபவை இவைதான்.