கச்சா எண்ணெயைப் பிரிக்கும் கோபுரம்

ஜோகூரின் தென்கிழக்கு முனையில், கோத்தா திங்கி மாவட்டத்தில் உள்ளது பெங்கேராங். அங்குள்ள சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 300,000 பீப்பாய் கச்சா எண்ணெயைக் கையாளும் ஆற்றல் கொண்டது. ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். பெருக்கிப் பாருங்கள் மாணவர்களே, 47 மில்லியன் லிட்டரைத் தாண்டும்!

கச்சா எண்ணெயை அப்படியே மோட்டார் சைக்கிளில் ஊற்ற முடியாது. அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஹைட்ரோகார்பன் என்பது ஹைட்ரஜனும் கார்பனும் மட்டுமே சேர்ந்த சேர்மம். சிறிய மூலக்கூறுகள் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும். பெரிய மூலக்கூறுகளுக்குக் கொதிநிலை அதிகம். இந்த வேறுபாட்டைக் கொண்டு அவற்றைப் பிரிப்பதே பின்னக் காய்ச்சி வடித்தல்.

முதலில் கச்சா எண்ணெயை உலையில் ஏறக்குறைய 350 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அதன் பெரும்பகுதி ஆவியாகி, உயரமான கோபுரத்தின் அடிப்பகுதிக்குள் நுழைகிறது. கோபுரத்தில் மேலே போகப் போக வெப்பம் குறையும். ஏறும் ஆவியின் ஒவ்வொரு பகுதியும், தன் கொதிநிலையைவிடக் குளிர்ந்த தட்டை அடைந்ததும் திரவமாகிறது. அதைக் குழாய் வழியே தனியே எடுக்கிறார்கள்.

உச்சியில் வெளியேறும் பெட்ரோலிய வாயுவிலிருந்து சமையல் எரிவாயு கிடைக்கிறது. அடுத்து பெட்ரோல், நாப்தா. அதன்கீழ் விமான எரிபொருளாகும் மண்ணெண்ணெய். பிறகு லாரி, பேருந்துகளுக்கான டீசல். அடியில் தங்குவதிலிருந்து மசகு எண்ணெயும் சாலை போடும் தாரும் கிடைக்கின்றன. நாப்தா நெகிழிக்கு மூலப்பொருள். உங்கள் பேனா, தண்ணீர்ப் புட்டி, சட்டையிலுள்ள பாலியெஸ்டர் இழை எல்லாம் பெட்ரோலியத்தின் வழி வந்தவையே.

ஆனால், இதே பொருள்கள் கழிவாகும்போது கவனம் தேவை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. நச்சு ஆவி பரவி ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பலர் மாணவர்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கண்டறியப்பட்ட வாயுக்களுள் பென்சீன், தொலுயீன் ஆகிய ஹைட்ரோகார்பன்களும் அடங்கும். இவை சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகக் கூடியவை. கோபுரத்துக்குள் நமக்கு உதவும் பண்பு, திறந்த வெளியில் மூச்சுக்கே ஆபத்தாகிறது.

ஆகவே, வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றினால், பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவெண்ணெய் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். கால்வாய் நீர் போய்ச் சேருவது நம் ஆற்றில்தான்.