ஜாம் டோனட்: மாவின் பக்குவமும் பொழுதின் கணக்கும்

தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து குடியேறிய குடும்பங்களுக்கு முதல் குளிர்காலம் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. ஊரில் இரவு கரைத்து வைத்தால் விடியற்காலையில் பொங்கி நிற்கும் இட்லி மாவு, தில்லியிலும் லக்னோவிலும் ஜனவரி மாதத்தில் வைத்தது வைத்தபடியே கிடக்கும். அரிசியையும் உளுந்தையும் குறை கூறிப் பயனில்லை. மாவு புளிப்பதற்கு வேண்டிய வெப்பம் இல்லை என்பதே காரணம். இந்தப் பாடத்தை அறிந்தவர்களுக்கு, பேக்கரிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி விற்கப்படும் ஜாம் டோனட்டை வீட்டிலேயே செய்வது அரிய காரியம் அன்று. அதன் செய்முறையை இங்கே விளக்கிக் கூற முற்படுகிறோம்.

டோனட் என்றதும் நடுவில் துளையுள்ள வளையமே பலருக்கு நினைவு வரும். நாம் கூறப்போவது துளையற்ற உருண்டை வகை. ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்து முதலிய நாடுகளில் இது வழிவழியாக வழங்கிவருகிறது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குமுன், வீட்டில் உள்ள வெண்ணெய், முட்டை, கொழுப்பு ஆகியவற்றைச் செலவிட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தில் இத்தகைய பண்டங்கள் பெருகின. போலந்தில் அதற்கென்றே 'கொழுத்த வியாழன்' என்றொரு நாள் உண்டு. இஸ்ரேலில் யூதர்கள் ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாளில், எண்ணெயில் பொரித்த பண்டம் உண்ணும் மரபையொட்டி ஜாம் வைத்த டோனட்டை உண்கிறார்கள்.

இதன் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜெர்மனியின் பல பகுதிகளில் இதனைப் 'பெர்லினர்' என்பர். பெர்லின் நகரத்தாரோ அவ்வாறு சொல்வதில்லை. அவர்களுக்கு இது 'ஃபான்கூஹன்', அதாவது சட்டிப் பணியாரம். தெற்கே சென்றால் 'கிராப்ஃபன்' என்று பெயர் மாறும். நெல்லைக்காரரும் கோவைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் விந்தியத்தைத் தாண்டியவுடன் 'மதராசி' என்ற ஒரே பெயரைப் பெறுவதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. ஊர்ப்பெயர் ஊருக்கு வெளியேதான் கிடைக்கிறது.

இனி, மாவு பொங்கும் விதத்தைப் பார்ப்போம். இட்லி மாவில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. டோனட் மாவில் அந்த வேலையைச் செய்வது ஈஸ்ட். மாவில் உள்ள சர்க்கரையை உண்டு அது கரியமில வாயுவை வெளியிடுகிறது. மைதா மாவை நீர் சேர்த்துப் பிசையும்போது, அதிலுள்ள புரதம் வலைபோல் இழையோடி அவ்வாயுவைச் சிறைப்படுத்துகிறது. ஆகவே இட்லிக்கு அரைப்பது எவ்வளவு முக்கியமோ, டோனட்டுக்குப் பிசைவது அவ்வளவு முக்கியம்.

நடுத்தர அளவில் பதினெட்டு டோனட்டுகளுக்கு வேண்டியவை: மைதா மாவு 500 கிராம், பால் 250 மில்லி, சர்க்கரை 60 கிராம், உருக்காத மிருதுவான வெண்ணெய் 60 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம், முட்டையின் மஞ்சள் கரு 2, உப்பு ஒரு தேக்கரண்டி. முட்டை சேர்க்காத குடும்பத்தினர் மஞ்சள் கருவுக்குப் பதிலாக மூன்று மேஜைக்கரண்டிப் பால் கூடுதலாகச் சேர்க்கலாம்.

பாலைக் காய்ச்சிக் கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆற்றி, சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிடம் வைக்க வேண்டும். மேலே நுரை கட்டினால் ஈஸ்ட் உயிருடன் இருக்கிறது என்று பொருள். நுரை தோன்றாவிட்டால் அதனை மாவில் ஊற்றிப் பொருளை வீணாக்க வேண்டாம். கொதிக்கும் பாலில் ஈஸ்ட் மடிந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. மைதாவில் உப்பையும் எஞ்சிய சர்க்கரையையும் கலந்து, இந்தப் பாலையும் மஞ்சள் கருவையும் சேர்த்துப் பிசைந்து, கடைசியில் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மாவு முதலில் கையில் ஒட்டும். அதற்கு அஞ்சி மைதாவை அள்ளித் தூவினால் டோனட் கனத்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிசைந்தால் ஒட்டுதல் தானே குறையும். ஒரு துண்டை விரல்களால் இழுத்தால், அறுபடாமல் மெல்லிய சவ்வாக விரிவதே சரியான பதம்.

பின்பு மாவை மூடி வைத்து, இருமடங்காகும்வரை காத்திருத்தல் வேண்டும். சமையல் நூல்கள் 'ஒரு மணி நேரம்' என்று எழுதிவிடுகின்றன. அந்தக் கணக்கு எழுதியவருடைய சமையலறைக்கு உரியது. மே மாதத்து நாகபுரியில் முக்கால் மணி நேரத்திற்குள் மாவு பொங்கிவிடலாம். ஜனவரி மாதத்துத் தில்லியில் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்த்து அவசரப்பட்டால், அடுப்பேறிய பிறகு நடுப்பகுதி பச்சை மாவாகவே நின்றுவிடும். அது குழந்தைகளின் வயிற்றுக்கு ஆகாது. ஆதலால் குளிர்நாட்களில், இட்லி மாவுக்குச் செய்வதைப்போலவே, பாத்திரத்தை வெதுவெதுப்பான நீருள்ள அகன்ற பாத்திரத்தின்மேல் வைக்கலாம். கம்பளியில் சுற்றி மூடிய பெட்டிக்குள்ளும் வைக்கலாம்.

பொங்கிய மாவை மெல்ல அழுத்தி, 50 கிராம் எடையுள்ள உருண்டைகளாக உருட்டி, சிறிது தட்டையாக்கி, எண்ணெய் தடவிய சிறு காகிதத் துண்டுகளின்மேல் தனித்தனியே வைத்து மூடுக. இவை இரண்டாம் முறையும் பொங்க வேண்டும். பதம் பார்க்க விரலே கருவி. ஓரத்தில் மெல்ல அழுத்தினால் குழி உடனே மறைந்தால், இன்னும் நேரம் வேண்டும். குழி மெதுவாக எழும்பிச் சிறு தடம் நின்றால், அதுவே தக்க தருணம். குழி எழும்பாமலே நின்றுவிட்டால் பருவம் கடந்துவிட்டது.

பொரிப்பதற்குக் கடலை எண்ணெய் போன்ற மணம் மிகாத எண்ணெய் ஏற்றது. வடக்கே பெரிதும் வழங்கும் கடுகெண்ணெயின் நெடி ஜாமின் சுவையை அடக்கிவிடும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டாம். வெப்பம் 170 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது நலம். வெப்பமானி இல்லாதவர்கள் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்திப் பார்க்கலாம். அதைச் சுற்றிச் சிறு குமிழிகள் சீராக எழ வேண்டும். எண்ணெய் புகைந்தால் மேற்புறம் கருகி உட்புறம் வேகாது. சூடு குறைந்தால் மாவு எண்ணெயைக் குடிக்கும்.

உருண்டையின் மேற்புறம் எண்ணெயில் படும்படி இட்டு, முதல் பக்கம் வேகும்போது வாணலியை மூடுவது ஆஸ்திரிய வழக்கம். உள்ளே சூழும் ஆவியில் டோனட் நன்கு உப்பும். மூடியின் அடியில் நீர் திரண்டிருக்கும். அது எண்ணெயில் சொட்டினால் தெறிக்குமாதலால், மூடியைச் சாய்க்காமல் எடுத்து உடனே துடைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் திருப்பி, மறுபக்கத்தை மூடாமல் ஏறக்குறைய இரண்டு நிமிடம் பொரித்தெடுக்கலாம். நன்கு பொங்கிய டோனட் எண்ணெயில் உயர மிதப்பதால், இடுப்பைச் சுற்றி ஒரு வெண்மையான வளையம் நிற்கும். கைதேர்ந்தவர்கள் அதையே வெற்றியின் அடையாளமாகக் கொள்வர். முதலில் ஒன்றை மட்டும் பொரித்துப் பிளந்து பார்த்து, உள்ளே வெந்திருந்தால் மற்றவற்றை இடுவது சிக்கனமான வழி.

ஜாமை முன்னதாகவே மாவுக்குள் வைத்துப் பொரிக்கும் முறையும் உண்டு. விளிம்பு சற்றே பிரிந்தாலும் ஜாம் வழிந்து எண்ணெயில் கருகும். எனவே பொரித்து ஆறிய பின் நிரப்புவதே வீட்டுக்கு உகந்தது. ஆறாத டோனட்டில் ஜாம் இளகி ஓடிவிடும். பக்கவாட்டில் ஒரு குச்சியால் நடுப்பகுதிவரை துளையிட்டு, நன்கு கழுவி உலர்த்திய பால் உறையில் ஜாமை நிரப்பி, அதன் முனையைக் கத்தரித்து, துளையில் பொருத்திப் பிழிந்தால் போதும். ஒன்றுக்கு மூன்று தேக்கரண்டி ஜாம் தாராளம். ஆஸ்திரியர் விரும்புவது ஆப்பிரிக்காட் ஜாம். வடக்கே 'குபானி' என்று விற்பது அந்தப் பழமே. மேலே பொடித்த சர்க்கரையைத் தூவுக. ஜெர்மனியில் புத்தாண்டு இரவில் ஒரே ஒரு டோனட்டுக்குள் மட்டும் ஜாமுக்குப் பதிலாகக் கடுகு விழுதை நிரப்பி, அது யாருக்குக் கிட்டுகிறது என்று பார்த்துச் சிரிப்பார்கள். நம் வீடுகளில் அந்த விளையாட்டு அவரவர் விருப்பம்.

இப்பண்டம் செய்த அன்றே உண்ணத் தக்கது. மறுநாள் மென்மை குறையும். வீட்டாருக்கு வேண்டியது போக எஞ்சியதை அன்று மாலையே அண்டை வீட்டாருக்கு அனுப்பிவிடலாம். ஹோலிப் பண்டிகையின்போது குஜியா வைத்து அவர்கள் அனுப்பிய தட்டு நம் வீட்டில் இருக்குமானால், அதனை வெறுமையாகத் திருப்பித் தருவது முறையன்று.