கியர் நிலை உணரி

கியர் நிலை உணரி என்பது தானுந்தின் கியர்ப் பெட்டி எந்த நிலையில் உள்ளது என்பதை மின் குறிப்பாக மாற்றி, மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்கு அறிவிக்கும் சிறு கருவி ஆகும். பட்டறைகளில் இது கியர் சென்சார் என்று அழைக்கப்படுகிறது. இதில் பழுது ஏற்பட்டதாகத் தோன்றும்போது, பல வேளைகளில் உண்மையான குறை உணரியில் இருப்பதில்லை. அதன் கம்பியிலோ, இணைப்பியிலோ, பொருத்தப்பட்ட கோணத்திலோ இருக்கும். எனவே உணரியை மாற்றுமுன் சோதித்தறிதல் இன்றியமையாதது.

அமைப்பும் செயற்பாடும்

தானியங்கிக் கியர்ப் பெட்டியில் ‘பி’ (நிறுத்தம்), ‘ஆர்’ (பின்செலவு), ‘என்’ (நடுநிலை), ‘டி’ (ஓட்டம்) ஆகிய நிலைகளை உணரி பிரித்தறிகிறது. ‘பி’, ‘என்’ ஆகிய நிலைகளில் மட்டுமே எஞ்சினைத் துவக்க அனுமதிப்பதற்கும் பின்செலவு விளக்கை எரியச் செய்வதற்கும் இதன் குறிப்பே பயன்படுகிறது. கையால் கியர் மாற்றும் மகிழுந்துகள் சிலவற்றில், நிற்கும்போது எஞ்சினைத் தானே அணைக்கும் வசதிக்காக நடுநிலை உணரி மட்டும் இருக்கும்.

கிளச்சையும் கியரையும் இயக்கிகளால் மாற்றும் ஏ.எம்.டி. முறை, இந்தியாவில் 2014 இல் வெளிவந்த மாருதி சுசுகி செலேரியோ மூலம் பரவலானது. இம்முறையில் கியர் முழுமையாகப் பொருந்தியதா என்பதைக் கட்டுப்பாட்டகம் உணரியின் வழியே அறிகிறது.

உணரிகள் மூன்று வகைப்படும்.

- தொடுமுனை வகை: ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு தொடுமுனைகள் இணைகின்றன.
- மின்தடை வகை: நிலைக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறுகிறது.
- ஹால் வகை: எட்வின் ஹால் 1879 இல் கண்டறிந்த விளைவின்படி, காந்தத்தின் இடமாற்றத்தைத் தொடாமலே உணர்கிறது.

பழுதின் அறிகுறிகள்

- எஞ்சின் துவங்காமை, அல்லது ‘என்’ நிலையில் மட்டும் துவங்குதல்
- முகப்புப் பலகையில் தவறான எழுத்து தோன்றுதல் அல்லது மறைதல்
- பின்செலவு விளக்கு எரியாமை
- வண்டி ஒரே கியரில் நின்றுவிடும் காப்பு நிலைக்குச் செல்லுதல்

மலைப்பாதையில் ஏற்படும் இடர்

சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில் உள்ள கொட்டச்சேடு, குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் அமைந்துள்ளது. சேலத்திலிருந்து ஏறும் முதன்மைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இப்பாதைகளில் இறங்கும் வண்டி தாழ்ந்த கியரில் எஞ்சினின் தடுப்பாற்றலைப் பயன்படுத்த வேண்டும்.

காப்பு நிலைக்குச் சென்ற வண்டி பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் நிலைத்துவிடும். ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து புறப்படுவது கடினமாகும். இறக்கத்தில் முழுச்சுமையும் பிரேக்கின் மீது விழும். பிரேக் மிகையாகச் சூடேறினால் அதன் பிடிப்புக் குறையும். நடுநிலையில் வண்டியை உருளவிட்டாலும் எஞ்சினின் தடுப்பாற்றல் கிடைக்காது. எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிடுவது இன்னும் தீங்கானது: பிரேக்குக்கும் திசைமாற்றிக்கும் கிடைக்கும் துணைவிசை இல்லாமற் போகும். எனவே அறிகுறி தென்பட்டவுடன் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, உதவி பெறுவதே பாதுகாப்பானது. உணரி தவறாகக் காட்டக்கூடும் என்பதால் ‘பி’ என்ற எழுத்தை மட்டும் நம்பி வண்டியை விட்டு இறங்கலாகாது.

கண்டறிதல்

1. எஞ்சின் அணைந்துள்ளபோது மின்கல அடுக்கில் சுமார் 12.6 வோல்ட் இருக்கவேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்தால் பொய்யான பழுதுகள் தோன்றும்.
2. பழுதறி கருவியை இணைத்துக் குறியீட்டைப் படிக்க வேண்டும். நிலை உணரிச் சுற்றின் பொதுப் பழுதைப் ‘பி0705’ உம், குறைந்த குறிப்பைப் ‘பி0707’ உம், மிகுந்த குறிப்பைப் ‘பி0708’ உம், விட்டுவிட்டு வரும் பழுதைப் ‘பி0709’ உம் குறிக்கின்றன. குறியீடு பழுதுள்ள சுற்றைச் சுட்டுமேயன்றி, பழுதான உறுப்பைச் சுட்டாது.
3. நெம்புகோலை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, கருவியில் தெரியும் நிலையுடன் ஒப்பிட வேண்டும்.
4. இணைப்பியைக் கழற்றி, ஈரம், பச்சைக் களிம்பு, வளைந்த முனை ஆகியன உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். மழையும் பனிமூட்டமும் மிகுந்த மலைப்பகுதிகளில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கம்பியை மெல்ல அசைக்கும்போது குறிப்பு மாறினால் பழுது கம்பியில் உள்ளது.
5. மல்டிமீட்டரால் மின்வழங்கலையும் புவியிணைப்பையும் அளக்க வேண்டும். பல மின்தடை, ஹால் வகை உணரிகளுக்கு 5 வோல்ட் வழங்கப்படுகிறது. தொடுமுனை வகையில், பணிமனைக் கையேட்டின் அட்டவணைப்படி முனைகளின் தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும்.

மின்வழங்கல் வரவில்லை எனில் குறை கம்பியிலோ கட்டுப்பாட்டகத்திலோ உள்ளது. மின்வழங்கல் சரியாக இருந்தும் குறிப்பு தாவினால் உணரி பழுதாகியுள்ளது. குறிப்பு சீராக இருந்தும் நிலை பொருந்தவில்லை எனில், இழுகம்பியையோ உணரியின் கோணத்தையோ சரிசெய்தால் போதும்.

சரிசெய்தல்

களிம்பேறிய முனைகளை மின்முனைத் துப்புரவுத் தெளிப்பால் தூய்மைப்படுத்தி உலர்த்த வேண்டும். அறுந்த கம்பியைப் பற்றவைத்துக் காப்பிட வேண்டும். கோணம் திருத்தக்கூடிய உணரியாயின், நெம்புகோலை நடுநிலையில் வைத்து, திருகாணிகளைத் தளர்த்தி, குறிகளை நேர்ப்படுத்தி இறுக்க வேண்டும். புதிய உணரி பொருத்தினால், பல மகிழுந்துகளில் கட்டுப்பாட்டகத்துக்கு அதன் நிலைகளைப் பழுதறி கருவியால் மீண்டும் கற்பிக்க வேண்டியிருக்கும். சில வகைகளில் உணரி கியர்ப் பெட்டியின் உள்ளே இருப்பதால் எண்ணெயை வடித்த பின்னரே அதனை அணுக இயலும்.

இறுதியாகக் குறியீட்டை அழித்து, பிரேக்கை அழுத்தியபடி, ‘பி’, ‘என்’ தவிர்ந்த நிலைகளில் எஞ்சின் துவங்கவில்லை என்பதையும் பின்செலவு விளக்கு எரிவதையும் உறுதிசெய்ய வேண்டும். முதலில் சமதளத்திலும் பின்னர் சிறு சரிவிலும் ஓட்டிப் பார்த்து, குறியீடு திரும்பத் தோன்றவில்லை எனில் மட்டுமே வண்டியை மலைப்பாதையில் செலுத்தலாம்.