புதுத் தொழிலும் ஊரின் வேலைவாய்ப்பும்

திருக்கோவிற் கடற்கரையில் ஒருவர் புதிதாக ஒரு படகு வாங்கித் தொழில் தொடங்கினால், அவரோடு இன்னும் இருவர் மூவருக்கு வேலை கிடைக்கின்றது. பத்துப் படகு இறங்கினால் முப்பது பேருக்கு வேலை என்று கணக்கிடுவது எளிது. ஆனால் வேலைவாய்ப்பு அவ்வாறு வெறும் பெருக்கற் கணக்கினால் வளர்வதன்று.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தைச் சூறையாடிற்று. அதன் பின்னர் உதவி நிறுவனங்கள் இலங்கைக் கரையோரங்களிற் படகுகளை வழங்கின; சில இடங்களில் இழந்தவற்றிலும் மிகுதியாகவே வழங்கின. படகு பெருகிற்றேயன்றிக் கரைக்கடலில் மீன் பெருகவில்லை. ஆகவே புதுப்படகு பெற்ற வருவாயில் ஒரு பகுதி அயற்படகு இழந்த வருவாயே ஆகும். கொடுத்தவர்களின் பதிவேட்டில் இந்த இழப்பு இடம்பெறுவதில்லை!

இதனை விளக்கும் ஆராய்ச்சியொன்றை மிக்கேல் ஃபிரிட்ஷ், பமேலா முல்லர் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர் 2004இல் வெளியிட்டனர். மேற்கு ஜெர்மனியின் பிரதேசங்களில் அவர்கள் கண்டது யாதெனில், புதுத் தொழில்கள் தோன்றியதும் வேலை சற்றே கூடுகின்றது. அடுத்த சில ஆண்டுகளில், போட்டிக்கு ஆற்றாத நிறுவனங்கள் ஆட்குறைப்புச் செய்ய, அது குறைகின்றது. ஏறத்தாழ எட்டாம் ஆண்டளவிலேதான் பெரும்பயன் விளைகின்றது. போட்டியினாற் பண்டம் செம்மையுற்று வெளிச்சந்தையைப் பிடிப்பதே அப்பயனுக்குக் காரணம் என்பர். எனவே முதலாண்டின் தொகையை மட்டும் கண்டு மகிழ்வதும், மூன்றாம் ஆண்டின் தொகையை மட்டும் கண்டு கைவிடுவதும் ஒரேவகைத் தவறுகளே.

கல்முனைக்கு அண்மையிலுள்ள மருதமுனை இதற்கு மற்றொரு பாடம். அங்கே ஒரு தறி என்றால் நெசவாளர் ஒருவர் மட்டுமல்லர். சாயமிடுவோர், பாவு ஓடுவோர், நூல் சுற்றுவோர், துணி விற்போர் எனப் பலர் பிழைக்கின்றனர். 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் இலங்கைக் கைத்தறி பெரிதும் நலிந்தது. ஆயினும் மருதமுனை தறியைக் கைவிடவில்லை. அதன் சாரமும் சேலையும் வெளியூர்களிலும் ஊரின் பெயராலேயே கேட்டு வாங்கப்படுகின்றன. வெளியூர்ப் பணம் உள்ளே வருவதால், ஒரு தறியின் வரவு மற்றொரு தறியின் செலவாக முடிவதில்லை.

திருக்கோவிலில் பதினோராம் படகுக்குப் பதிலாக ஓர் ஐஸ் ஆலையோ, இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறையோ, நன்கு பொதிசெய்த கருவாட்டைக் கொழும்புக்கு அனுப்பும் நிலையமோ எழுந்தால், தொடக்கத்தில் அங்கே வேலை பெறுவோர் சிலராகவே இருப்பர். ஆனால் முன்னுள்ள பத்துப் படகுகளின் மீனும் கெடாமல், நல்ல விலைக்குப் போகும்.