வில்பர்ஃபோர்சின் பின்னால் நின்ற பாதிரியார்

1785 டிசம்பரில் ஒரு நாள். லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் ஒரு சதுக்கத்தில் இருந்த வீட்டுக்குள் நுழையத் தயங்கி, அந்தச் சதுக்கத்தையே ஒன்றிரண்டு முறை சுற்றி வந்தார் ஓர் இளம் நாடாளுமன்ற உறுப்பினர். பெயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், வயது 26. பிரதமர் பிட்டின் நெருங்கிய நண்பர்; பேச்சுவன்மையில் பெயர் வாங்கியவர். அண்மையில்தான் அவர் மனம் கிறிஸ்துவின் பக்கம் திரும்பியிருந்தது. இனி அரசியலில் இருக்கலாமா, எல்லாவற்றையும் உதறிவிடலாமா என்பது அவருடைய குழப்பம். சிறுவயதில் உறவினர் வீட்டில் இருந்தபோது அறிமுகமான ஜான் நியூட்டன் பாதிரியாரிடம் வழி கேட்க வந்திருந்தார். பக்தி மிகுந்தவர்களை மேட்டுக்குடியினர் கேலி செய்த காலம். அதனால் சந்திப்பை ரகசியமாக வைக்கும்படியும் கேட்டிருந்தார்.

'உலகத்தை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வா' என்று ஒரு பாதிரியார் சொல்லியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். நியூட்டனோ இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொன்னார். நாடாளுமன்றத்திலும் கடவுளுக்கு வேலை உண்டு என்பது அவர் கருத்து.

இரண்டு ஆண்டுகளில் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வாணிபத்தை எதிர்க்கும் வேலையைக் கையில் எடுத்தார். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய நியூட்டன், இளமையில் அடிமைக் கப்பல்களின் கேப்டனாக இருந்தவர். 1788-இல் தான் கண்டதையும் செய்ததையும் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். விசாரணைக் குழுக்களின் முன் சாட்சியும் சொன்னார். 'உங்களுக்காக ஜெபிக்கிறோம், பிரதர்' என்று தோளைத் தட்டிவிட்டுப் போவதோடு நம் சபைகளில் ஊக்கம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நியூட்டன் தன் பழைய வெட்கத்தையே எடுத்துச் சபையில் வைத்தார்.

போராட்டம் நீண்டது. 87 வயது போதகர் ஜான் வெஸ்லி 1791 பிப்ரவரி 24 அன்று வில்பர்ஃபோர்சுக்கு எழுதிய கடிதம், சோர்ந்துவிடாதே என்ற வேண்டுகோள்தான். ஆறே நாட்களில் வெஸ்லி இறந்தார். ஏப்ரலில் அடிமை வாணிபத் தடை மசோதா 163-க்கு 88 என்று தோற்றது. 1796-இல் நான்கே வாக்குகளில் தோல்வி. ஆதரவாளர்கள் சிலர் அன்று இசை நாடகம் பார்க்கப் போயிருந்தார்களாம்! பொது வாழ்க்கையை விட்டே ஒதுங்கிவிட வில்பர்ஃபோர்ஸ் யோசித்த அந்த ஆண்டில், நியூட்டனிடமிருந்து ஒரு கடிதம். அந்நிய அரசனின் அவையில் பதவி வகித்துக்கொண்டே கடவுளுக்கு உண்மையாயிருந்த தானியேலை அவருக்கு நினைவூட்டியது அது.

இப்படித் துணை நின்று ஊக்கப்படுத்தும் பழக்கம் ஆதித் திருச்சபையிலேயே உண்டு. பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலைக் கண்டு எருசலேம் சீடர்கள் பயந்தபோது அவருக்காகப் பரிந்து பேசியவர் பர்னபா. பாதியில் திரும்பிப் போன மாற்கைப் பவுல் வேண்டாம் என்றபோதும், அவரைக் கூட்டிக்கொண்டு போனவரும் பர்னபாவே.

ஊக்கப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடவும் கூடாது. நியூட்டனின் நண்பர் வில்லியம் கூப்பர் பெரிய கவிஞர். கடும் மனச்சோர்வு அவரை விடாமல் துரத்தியது. 1773-இல் நிலைமை முற்றியபோது நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் 1800-இல் சாகும்வரை கூப்பரை விட்டு நீங்கவில்லை. அதற்காக நியூட்டன் செய்தது வீண் என்று சொல்ல முடியுமா? அந்த நட்பில் பிறந்த 'ஓல்னி கீர்த்தனைகள்' 1779-இல் வெளிவந்தது. அதில் கூப்பரின் பாடல்களும் உண்டு.

1807 பிப்ரவரியில் அடிமை வாணிபத் தடை மசோதா மக்களவையில் 283-க்கு 16 என்று வென்றது; மார்ச் 25 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது. பார்வை மங்கிப்போன முதியவராக நியூட்டன் அப்போது உயிரோடு இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று, 82-ஆவது வயதில் காலமானார்.